டாக்டர் வீட்டுப் பிள்ளைகள்

கருத்தடை மாத்திரை அமெரிக்க மருந்துக் கடைகளுக்கு வந்த வாரம், அதை உருவாக்கிய குழுவிலிருந்த உயிரியலாளர் தேயரைப் பேட்டியெடுக்க வூஸ்டரிலுள்ள அவர் வீட்டுக்குப் போனாள் நிருபர் லோர்னா. வாசலில் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாம் உங்க பிள்ளைங்களா டாக்டர்?"

"அஞ்சும் என்னோடதுதான்."

லோர்னா சிரித்தாள். "ஊருக்கெல்லாம் மாத்திரை, உங்க வீட்டுல மட்டும் அஞ்சா? உங்க மனைவியே மாத்திரை சாப்பிட மாட்டேன்னுட்டாங்களா?"

அவிழ்ந்த ஷூ நாடாவோடு உள்ளே ஓடிவந்த கடைக்குட்டி ஹெட்டிக்கு அதைக் கட்டிவிட்டு, அவளை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார் தேயர்.

"இன்னொரு பிரசவத்தை அவ உடம்பு தாங்காதுன்னு நாலாவது பொறந்தப்பவே டாக்டர் சொன்னார். எப்படித் தடுக்கறதுன்னு கேட்டேன். அதைச் சொல்ல இந்த மாகாணத்துச் சட்டம் இடம் கொடுக்கலைன்னார். ஹெட்டி பொறந்த அன்னிக்கே அவ போயிட்டா. அதுவரைக்கும் நான் தவளைகளைத்தான் ஆராய்ச்சி பண்ணிட்டிருந்தேன்."

லோர்னா குறிப்பேட்டில் எழுதியிருந்ததை அடித்தாள். "மன்னிச்சிடுங்க டாக்டர். இதையே எழுதறேன். எல்லாருக்கும் தெரியட்டும்."

"வேண்டாம்மா. தான் பொறந்ததாலதான் அம்மா செத்துட்டாங்கன்னு ஹெட்டி நினைச்சிடக் கூடாது" என்றார் தேயர். "நீங்க கேலியாவே எழுதுங்க. அதை நான் தாங்கிக்குவேன்."