துவைக்கிற சத்தம்

"அது வாயைப் பொத்திப் புடிச்சுக்க. நான் வந்து தட்டுற வரைக்கும் கதவைத் தொறக்காத."

மீனம்மா மகள் தேவிஸ்ரீயையும் கிழட்டு நாயையும் குளியலறைக்குள் தள்ளித் தகரக் கதவைச் சாத்தினாள். அதற்குள் வாசலில் நின்றவர் மறுபடியும் கூப்பிட்டுவிட்டார்.

குரலே சொல்லிவிட்டது. கந்தசாமி. ரெம்பியா ரப்பர் தோட்டத்தில் லாரி ஓட்டியவர். தோட்டத்தை விற்று தொழிலாளர் லயத்து வீடுகளை இடித்தபோது நாயை விட்டுவிட்டு ஜொகூரில் மகனிடம் போய்விட்டார். அது இடிந்த வீட்டு வாசலிலேயே எலும்பும் தோலுமாகக் கிடந்தது. அதே தோட்டத்தில் பால் வெட்டிய மீனம்மாதான் அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள், செங் என்ற ஊரில் இருக்கும் இந்த வீட்டுக்கு.

"வாங்கண்ணே. ஜொகூர்லேர்ந்து எப்ப வந்தீங்க?"

"போன வாரம்மா. மகன் வீடு நமக்கு ஒத்து வரல லா. தஞ்சோங் கிளிங்ல கோயில் கூட்டுற வேலை. ரூமும் குடுத்திருக்காங்க." அவர் கையில் புதுச் சங்கிலி இருந்தது. "ராஜாவைக் கூட்டிட்டுப் போலாம்னு வந்தேன். உங்கிட்ட இருக்குன்னு கடைக்கார அப்புசாமி சொன்னாரு."

"விட்டுட்டுப் போனப்ப ஞாபகம் வரலியாண்ணே?"

மீனம்மா சங்கிலியைப் பார்த்தாள்.

"அது செத்துப்போச்சு."

"எப்பம்மா?"

டப். டப். டப். உள்ளே தகரக் கதவு அதிர்ந்தது.

மகளிடம் மீனம்மா வாயைத்தான் பொத்தச் சொல்லியிருந்தாள். வாலை நினைக்கவே இல்லை.

"என்னம்மா சத்தம்?"

டப் டப் டப்.

"தேவி துணி துவைக்குது."

"நல்லா அடிச்சித்தான் துவைக்குது."

"ஆமாண்ணே. பள்ளிக்கூட உடுப்பு. ஒரே அழுக்கு."

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். சத்தமும் நின்றது. "எங்க பொதைச்சீங்க?" என்று கேட்டார். சத்தம் மறுபடி தொடங்கியது.

"பின்னாடி. வாங்க." அவரை வீட்டைச் சுற்றி வேகமாக அழைத்துப் போனாள். பப்பாளி மரத்தடியில், மரவள்ளி நடக் கொத்திப் போட்டிருந்த மண்ணைக் காட்டினாள். போகிற வழியில் கொடியில் நாய் படுக்கிற கோணிச் சாக்கு ஈரமாகத் தொங்கியது. அவர் அதில் ஒட்டியிருந்த வெள்ளை முடியைத் தொட்டுப் பார்த்தார்.

மண் அருகே குந்தி உட்கார்ந்தார்.

"டேய் ராஜா. பிளாட்டுல நாய் ஏத்த மாட்டாங்கன்னுட்டான் மகன். நாளைக்கே வந்துடறேன்னு உங்கிட்டப் பொய் சொல்லிட்டுப் போனேன். வாசல்லயே படுத்திருந்தியாமே. வந்துட்டேன்டா. கோவிச்சுக்காத."

காது மந்தமானவரிடம் பேசுவது போலச் சத்தமாகப் பேசினார். உள்ளே கதவு இடைவிடாமல் அடித்துக்கொண்டது. அதோடு சேர்ந்து, அடக்க முடியாமல் ஒரு விம்மல்.

"புள்ள அழுவுதேம்மா."

"நாய் போனதுலேர்ந்து இப்படித்தாண்ணே. அதைத் தாத்தா தாத்தான்னுதான் கூப்புடுவா. மூஞ்சியெல்லாம் நரைச்சிருக்குல்ல, அதனால. சோறு ஊட்டுறதுகூட அவதான்."

"அவ்வளவு பாசமா?"

"உசுருண்ணே." அதில் பொய்யே இல்லை.

அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சங்கிலியைச் சுருட்டிப் பைக்குள் போட்டார். "பஸ்ஸு போயிடும். வரேன்மா."

கேட்டைத் தாண்டும்வரை மீனம்மா அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் நின்றார். திரும்பி வந்தார். பையிலிருந்து ஒரு பிஸ்கட் பொட்டலத்தை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"துணி துவைக்கிற புள்ளகிட்டக் குடு. அப்படியே போட வேணாம்னு சொல்லு, தாத்தாவுக்குப் பின்பல்லு ஒண்ணுகூட இல்ல. டீயில ஊறவச்சுக் குடுக்கணும்."