பிரமிளா படிக்காத பக்கம்

2024 டிசம்பர் 28, சனிக்கிழமை மாலை, மலேசியாவின் தீவு நகரான ஜார்ஜ்டவுனில், காப்பிக்கடை ஒன்றின் மாடியில் வாசகர் வட்டம் கூடியது. அந்த ஆண்டு படித்ததில் பிடித்த நாவல்களை ஒவ்வொருவராகச் சொன்னார்கள்.

பிரமிளாவின் முறை வந்ததும் குணாளன், "அக்கா கதைய மட்டும் சொல்லுவாங்க, முடிவு இருக்காது லா," என்றார்.

அவள் கணவர் குகன், எந்த நாவலிலும் கடைசிப் பக்கத்தை முதலில் படித்து, முடிவைச் சொல்லிக் கெடுப்பவர். அந்த ஆண்டு ஜனவரியில் மீன்பிடிக்கப் போனார். படகு மட்டும் எதிர்க்கரையான பாகான் டாலாமில் கரை ஒதுங்கியது. அதன்பின் பிரமிளா எந்த நாவலிலும் கடைசிப் பக்கத்தைப் படிக்கவில்லை. கேட்டால், "அவரு வந்து சொல்லட்டும்," என்பாள்.

இன்று மூன்று நாவல்களைச் சொன்னாள். மூன்றின் முடிவையும் சொன்னாள்.

சல்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லதுக்கா. இப்பத்தான் மனசு தேறியிருக்கீங்க. எப்ப படிச்சீங்க?"

"இங்க வர்றப்ப, ஃபெரியில."

"மூணையுமா?"

"கடைசிப் பக்கம்தானே," என்றாள் பிரமிளா. "காலையில போலீஸ் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னாங்க. மோதிரத்த மட்டும் காட்டினாங்க. அவரோடதுதான்."

அடுத்து குணாளனின் முறை. அவர் கையிலிருந்த நாவலைப் பைக்குள் வைத்தார்.