அக்கட்டால போ, சாமி

குண்டலுபேட்டையைத் தாண்டி மலையிலிருக்கும் கூடார முகாமில் நாச்சம்மாள் சமையல்காரி. அங்கே காவலாளியாக இருந்த அவள் புருஷன் வேலாயுதத்தைப் போன வருஷம் யானை மிதித்துக் கொன்றது. "அன்னிக்கு அவன் டூட்டியிலயே இல்ல" என்று நஷ்டஈடு தராமல் முதலாளி கைகழுவிவிட்டார். அதன்பின் வேறு காவலாளியும் வைக்கவில்லை.

இன்று காலைச் சாப்பாட்டில், மைசூரிலிருந்து வந்திருந்த ஸ்வாதி முதலாளியிடம் சொன்னாள்: "ராத்திரி எங்க டென்ட் கிட்டயே ஆனை சார்! உங்க வாட்ச்மேன் கையெடுத்துக் கும்பிட்டு, 'புள்ளைக தூங்குதுக, அக்கட்டால போ சாமி'ன்னாரு. திரும்பிப் போயிடுச்சு."

முதலாளி பெருமையாகச் சிரித்தார். "நம்ம ஸ்டாஃப் அப்படித்தான் மேடம்."

நாச்சம்மாள் அவர் தட்டில் தோசையை வைத்தாள்.

"இப்பவாச்சும் எழுதிக் குடுங்க மொதலாளி, அவரு டூட்டியிலதான் இருக்காருன்னு."