டாங்கிக்குள் டிஷ்யூ பேப்பர்

ரிமோட்டில் ஓடும் பொம்மை டாங்கியைத் தண்ணீருக்குள் ஓட்டிப் பார்க்கத் தணிகைவேலுக்கு ஆசை. மோட்டாரில் கிரீஸ் அப்பினான். சிக்னல் வாங்கும் சர்க்யூட்டைப் பலூனுக்குள் திணித்து முடிச்சுப் போட்டான். நீர் கசிந்தால் தெரியட்டும் என்று டாங்கிக்குள் ஒரு டிஷ்யூ பேப்பரை மடித்து வைத்து, மூடியைச் சுற்றிச் சிலிக்கான் பசை வைத்தான். கூடத்து ஜன்னல் இடுக்கை அடைக்கச் சொல்லி மாமனார் வாங்கிவந்து கொடுத்த டியூப் அது. கொஞ்சம் எடுத்தால் தெரியாது என்றுதான் ஆரம்பித்தான். கடைசியில் பற்பசையைப்போல அடியிலிருந்து சுருட்டிப் பிதுக்க வேண்டியதாயிற்று.

மறுநாள் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. அந்த ஜன்னலடியில்தான் மாமனாரின் கட்டில். அதன் கால்மாட்டில் ஒழுகலுக்கு வைத்திருந்த துணி ஊறவைக்கும் டப் முக்கால்வாசி நிரம்பியிருந்தது. வேறு தண்ணீர் தேட அவனுக்குத் தோன்றவில்லை. டாங்கியை அதில் இறக்கினான். அது மூழ்கி, அடியில் முன்னும் பின்னும் ஊர்ந்தது. மாமனார் கால்களை மடக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

வெளியே எடுத்து, சிலிக்கானை பிளேடால் கீறி மூடியைத் திறந்தான்.

“எங்க, குடுங்க மாப்ள.”

டிஷ்யூவை வாங்கி இரண்டு விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தார்.

“ஒரு சொட்டுகூட எறங்கல. வேலைன்னா இப்படித்தான் இருக்கணும்.”

அந்தக் குரலில் கேலி இருக்கிறதா என்று தணிகைவேல் தேடினான். இல்லை. அவர் சாரலில் நனைந்திருந்த பாதத்தை அந்த டிஷ்யூவால் துடைக்கத் தொடங்கினார். கட்டைவிரலைத் தாண்டுவதற்குள் அது ஊறிக் கிழிந்துவிட்டது.