கட்டி மேய்த்த மணி

ஆய்வுக்கூடத்தில் அவள் மூன்று வாரமாக ஒரே ஒரு நுண்ணிய பிளாஸ்டிக் மணியைக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தாள். கண்ணுக்குத் தெரியாத அந்த மணி நீர்த்துளிக்குள் ஓயாமல் அலையும். நுண்ணோக்கியின் கேமரா அதைக் கவனித்துத் திரையில் காட்டும். கொஞ்சம் விலகினாலும் கணினி மின்சாரத்தால் நடுவுக்குத் தள்ளிவிடும். வீட்டுப் பேச்சில் அதற்கு 'வாலு' என்று பெயர்.

அன்று கடைசி நாள். துளியைக் கழுவிவிட வேண்டும். மதியம் அவளை அழைத்துப்போகக் கணவன் வந்திருந்தான். அவள் மின்சாரத்தை நிறுத்தினாள்.

"இப்போ பாருங்க, அவுத்துவிட்ட கன்னுக்குட்டி மாதிரி ஓடும்."

ஓடவில்லை. பத்து நிமிடம் நடுவிலேயே நின்றது. அவள் ஒயரையும் உருவிப்போட்டாள்.

"பழகிடுச்சு போல," என்று கணவன் சிரித்தான்.

அவள் துளி இருந்த கண்ணாடித் தட்டை விரலால் மெல்ல நகர்த்தினாள். திரையின் ஓரத்துக்குப் போன மணி, அவசரமே இல்லாமல் நடுவுக்குத் திரும்பி வந்தது.

"இதைப் போய் எப்படிம்மா கழுவுவே?" என்றான் கணவன்.

அவள் 'கழுவ வேண்டாம்' என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள். வாசல் வரை போனவளுக்கு மனசு கேட்கவில்லை, திரும்பிப் பார்த்தாள்.

மணி திரையில் கதவுப் பக்கத்து ஓரத்துக்கு வந்து நின்றிருந்தது.