மேனேஜர் ஆடிய கல்யாணம்

சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், எங்கள் மேனேஜர் தன்னந்தனியாகச் சுற்றுலா போய், உலகத்தையே கண்டுபிடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்.

“முன்னப்பின்ன தெரியாத ஊர். யாரோ வீட்டுக் கல்யாணம். என்னையும் கூப்பிட்டு உக்கார வச்சு சோறு போட்டாங்கய்யா! அதுதான் பண்பாடு. வேர்த்து ஊத்த ஆடினேன்” என்று செல்போனை நீட்டினார்.

ரிசப்ஷனிஸ்ட் மட்டும் படத்திலிருந்து கண்ணெடுக்கவில்லை.

“சாப்பாடு நல்லா இருந்துச்சா சார்?”

“மூணு தடவை கேட்டு வாங்கினேன்மா.”

“பொண்ணு சந்தோஷமா இருந்தாளா?”

“எங்க! அக்கா வரலைன்னு ஒரே அழுகை. மேடையை விட்டு இறக்கி ஆட வச்சதே நான்தான். தங்கச்சி கல்யாணத்துக்குக்கூட வராம அப்படி என்ன வெட்டி முறிக்கிறாளோ அந்த மகராசி!”

“லீவு கிடைக்கல சார்.”

அவள் கொடுத்த லீவு மனுவைப் படிக்காமலே நிராகரித்துவிட்டுத்தான் மேனேஜர் சுற்றுலா கிளம்பியிருந்தார்.