திரும்பாத படம்

திரையில் ஒரு படத்தை மவுஸால் இழுத்துத் தவறான இடத்தில் விட்டால், அது தானாகவே நழுவிப் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். தமயந்தி வாரக்கணக்கில் முட்டிமோதியும் வராதது, புதிதாகச் சேர்ந்த ஜெபசிங்குக்கு ஒரே நாளில் வந்துவிட்டது. மேலாளர் குழந்தைபோல இழுத்து இழுத்து விட்டுச் சிரித்தார். “பிரமாதம்ப்பா!”

தமயந்திக்கு வயிறு எரிந்தது. எல்லோரும் சாப்பிடப் போனதும், அவன் எழுதிய புரோகிராமில் ஒரு வரியை அழித்தாள்.

பிற்பகலில் வாடிக்கையாளர் வந்து இழுத்துப் பார்த்தபோது, படம் விட்ட இடத்திலேயே நின்றது. ஜெபசிங்கின் முகம் வெளிறியது.

“காலைல நல்லா வந்துச்சே... அக்கா, நீங்க கொஞ்சம் பாருங்களேன். உங்களுக்குத்தான் தெரியும்” என்று நாற்காலியை விட்டு எழுந்தான்.

தமயந்தி உட்கார்ந்தாள். எந்த வரி என்று அவளுக்குத் தெரியும். எவ்வளவு நேரம் தேட வேண்டும் என்றுதான் தெரியவில்லை.